முந்திரிகைக்கு அடித்த சுறா எண்ணெய்

உரும்பிராய்க்கு நான் முதலில் போனது ஒரு தோட்டக் கிணற்றை இறைத்துச் சேறு அள்ள. மூன்று நாள் வேலை. மூன்றாம் நாள் மத்தியானம் உடம்பில் இருந்த சேற்றைக் கழுவி, சாரத்தைத் தோய்த்துக் காயப் போட்டுவிட்டு, இடுப்பில் துண்டோடு அந்தத் தோட்டத்து முந்திரிகைப் பந்தலின் கீழே போய் நின்றேன். எங்கள் பக்கத்தில் முந்திரிகை என்றால் திராட்சை. பருப்புத் தருவதை மரமுந்திரிகை என்போம்.

கம்பிப் பந்தலில் ஆறு வரிசைக் கொடிகள். புரட்டாதி மாதம், அதுவரை இரண்டு சின்ன மழைதான் பெய்திருந்தது. அதற்குள்ளேயே இலைகளில் எண்ணெய் தெறித்ததுபோல மஞ்சள் புள்ளிகள். ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தேன். புள்ளி இருந்த இடத்துக்கு நேர் அடியில் அரிசிமா தூவியதுபோல வெள்ளை.

தோட்டக்காரர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உயரமான மனிதர், காதில் எப்போதும் ஒரு பென்சில் துண்டு. என்ன பார்க்கிறாய் என்று கேட்டார்.

"அண்ணை, தேயிலைக்குக் கொப்புள நோய் எண்டு ஒண்டு வரும். இது அதின்ரை சொந்தக்காரன் போல கிடக்கு" என்றேன்.

தேயிலையைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்றார். சொன்னேன். எனக்குப் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. தகப்பனின் வள்ளம் ஒரு கார்த்திகைக் காற்றில் கல்லில் அடித்துப் பிளந்தபின் வீட்டில் ஒரு வாய் குறைந்தால் நல்லது என்றாகிவிட்டது. அண்ணன்மாருக்குக் கடல் பிடித்திருந்தது. எனக்கு ஓரிடத்தில் நிற்பதுதான் பிடிக்கவில்லை. காங்கேசன்துறையில் சீமெந்து மூட்டை தூக்கினேன், ஆனையிறவில் உப்பு அள்ளினேன், பிறகு ரயிலேறி மலைநாட்டுக்குப் போனேன். அங்கே இரண்டு மழைக்காலம் தேயிலைக்கு மருந்தடிக்கிற கூட்டத்தில் இருந்தேன். நீலத் தண்ணீர் முதுகில் ஒழுகி ஒழுகிச் சட்டை தோளோடு கழன்று விழும். உருளைக்கிழங்குத் தோட்டங்களிலும் அதே வேலை. அட்டைக்கடி தாங்காமல் திரும்பி வந்தேன் என்று எல்லோருக்கும் சொல்வேன். உண்மையில் அலுத்துப்போய்த்தான் வந்தேன்.

அவர் அடுத்து ஊர் எது, யாருடைய ஆள் என்று விசாரித்தார். காங்கேசன்துறைக்குக் கிழக்கே கடற்கரை என்றேன். அதன்பிறகு எனக்குத் தேத்தண்ணி ஒரு தனித் தகரப் பேணியில், கிணற்றுக்கட்டுக்கு வந்தது. அது எனக்குப் புதிதல்ல. பேணியில் ஓட்டை இல்லாவிட்டால் சரி என்பது என் கொள்கை.

அப்போது எழுபதுகளின் நடுப்பகுதி. கப்பலில் வரும் பழங்கள் எல்லாம் நின்றுபோயிருந்தன. உள்ளூர் முந்திரிகைக் குலையைக் கொழும்பு ரயிலுக்கு ஏற்றினால் போதும், பறந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். அதை நம்பி அவர் பரம்பரையாய்ச் செய்த புகையிலையை நிறுத்திவிட்டுப் பந்தல் போட்டிருந்தார். கோடையில் கொஞ்சம் காய்த்ததாம். ஆனால் இரண்டு மாரியும் இலை முழுவதும் கருகி, பிஞ்சோடு குலைகள் சுருங்கி விழுந்தன. அவரும் சும்மா இருக்கவில்லை. புகையிலைக் காம்பை ஊறவைத்த தண்ணீர் அடித்திருக்கிறார். புழுவுக்கு அடிக்கிற மருந்துகள் ஒவ்வொன்றாய் அடித்திருக்கிறார். கந்தகத்தூளும் தூவியிருக்கிறார். புகையிலைக்காரருக்கு நோய் என்றால் புழு. இலையைத் திருப்பித் திருப்பிப் புழுவைத் தேடினாரே ஒழிய, அந்த வெள்ளைதான் நோய் என்று நினைக்கவே இல்லை. கந்தகம் பனிக்காலத்துச் சாம்பல் நோய்க்குக் கேட்கும், மழையோடு வருகிற இந்த வெள்ளைக்குத் துருசு என்கிற மயில்துத்தம்தான் கேட்கும் என்றேன். அவரும் ஒரு இலையைக் கிள்ளித் திருப்பி அந்த வெள்ளையைத் தடவிப் பார்த்தார். பிறகு, கிணற்று வேலை முடிந்தாலும் நில் என்றார்.

அவர் என்னை நிறுத்தியதற்குக் காரணம் அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிட்டவர். அந்தக் காணி அவருடைய சீதனக் காணி. எங்கள் ஊர் வழக்கத்தில் சீதனக் காணியில் மனைவியின் சொல்லுக்கு நிறை அதிகம். சிறிய உருவம், கணீரென்ற குரல், கோயில் காரியங்களில் ஒன்றையும் விடாத மனிசி. வருகிற தைப்பூசத்துக்கு இந்தப் பந்தலின் குலையை முருகனுக்குப் படைப்பதாக நேர்ந்திருந்தார். அன்று பின்னேரம் எனக்கு முன்னாலேயே கணவரிடம் சொன்னார்:

"பூசத்துக்கு ஒரு குலை காட்டுங்கோ. இல்லாட்டிப் பந்தலைப் பிரிச்சுப் பொயிலையை வையுங்கோ. மூண்டாம் மாரிக்கும் நான் பொறுக்கமாட்டன்."

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் செருகினார்.

கொடிக்குக் கொப்பு வெட்டி நாலு மாதத்தில் பழம். பூசத்துக்குப் பழம் வேண்டுமானால் புரட்டாதியில் வெட்ட வேண்டும். புரட்டாதியில் வெட்டினால் ஐப்பசியில் தளிர் வரும், ஐப்பசியில் மழையும் வரும். இளந்தளிரும் மழையும் சேர்ந்தால் அந்த வெள்ளைக்குக் கலியாணம்தான். இதை நான் அக்காவுக்குச் சொன்னேன். மழை முடிந்தபின் வெட்டினால் பாதி மருந்து மிச்சம் என்றேன். நேர்ந்தாயிற்று, பஞ்சாங்கத்தில் நாளும் பார்த்தாயிற்று என்றார். ஆகவே நல்ல நாளில் கொப்பு வெட்டினோம். வெட்டிய கொப்பையும் விழுந்த இலையையும் ஒன்றுவிடாமல் கூட்டி எரிக்க வைத்தேன். பழைய இலையில்தான் நோய் படுத்திருக்கும். நான் படுத்தது வெறுமையாய்க் கிடந்த புகையிலைக் குடிலில். அங்கே நுளம்பு கடிக்க வராது. ஆனால் காலையில் எழும்பும்போது தலை சுற்றும்.

தளிர் மூன்று இலை விட்டதும் முதல் மருந்து கலந்தோம். துருசு நீலக் கற்கண்டு மாதிரி இருக்கும். ஒரு இறாத்தல் துருசு, ஒரு இறாத்தல் சுட்ட சுண்ணாம்பு, பத்து கலன் தண்ணீர். அண்ணை இரும்பு வாளியோடு வந்தார். இரும்பில் துருசு போட்டால் வாளியும் போகும், மருந்தும் போகும் என்று சொல்லி மண்பானை கேட்டேன். அக்கா இரண்டு பெரிய பானைகளைத் தந்து, ஒன்றாவது முழுதாகத் திரும்பி வர வேண்டும் என்றார். துருசைத் துணியில் கட்டி ஒரு பானைத் தண்ணீரில் தொங்கவிட்டுக் கரைத்தேன். மற்றதில் சுண்ணாம்பை நீற்றி வடித்தேன். பிறகு நீலத்தைச் சுண்ணாம்புக்குள் மெல்ல மெல்ல ஊற்றிக் கிண்டினேன். மாற்றி ஊற்றினால் கட்டி கட்டியாய்த் திரண்டு மருந்தடிக்கிற மெசினின் வாய் அடைக்கும்.

சுண்ணாம்பு போதுமா என்று பார்க்க மலைநாட்டில் கத்திதான் வழக்கம். தீட்டிய கத்தியைக் கலவைக்குள் கொஞ்சநேரம் வைத்தெடுத்தால் அலகு செம்பு நிறமாய் வரக்கூடாது. வந்தால் துருசு கூட, இலை கருகும். நான் கத்தியை வைத்துக்கொண்டு குந்தியிருந்ததை அக்கா குசினி வாசலில் நின்று பார்த்தார். விளக்கம் கேட்டார், சொன்னேன். உள்ளே போய் ஒரு வெற்றிலையில் கொஞ்சம் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து, கலவையில் ஒரு துளியை அதன்மேல் விட்டார். மஞ்சள் அப்படியே நின்றது.

"ஆலாத்திக்கு மஞ்சளிலை சுண்ணாம்பு பட்டாச் சிவக்கும். இது சிவக்கேல்லை. சுண்ணாம்பு காணாது" என்றார்.

கத்தியை எடுத்துப் பார்த்தேன், அலகில் செம்பு பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு விட்டதும் மஞ்சள் சிவந்தது, கத்தியும் சுத்தமாய் வந்தது. அன்று முதல் கத்திக்கு வேலையில்லை. ஒவ்வொரு கலவைக்கும் அக்காவே வெற்றிலையோடு வந்து நிற்பார். கலியாண வீட்டில் ஆலாத்தி எடுக்கிற அவ்வளவு மரியாதையோடு அந்தப் பானையைப் பார்ப்பார்.

மருந்து எப்போது அடிப்பது என்பதில்தான் எனக்கும் அண்ணைக்கும் இழுபறி. அவர் இராகுகாலம் பார்த்தார், நான் காற்றைப் பார்த்தேன். காற்றைப் பார்க்காத வீட்டில் நான் பிறக்கவில்லை. தென்மேற்குச் சோளகம் ஓய்ந்து, வடகிழக்கு வாடை இன்னும் பிடிக்காத நாட்களில் மழை பின்னேரம் மூன்று நாலு மணிக்குத்தான் இடியோடு வரும். காலையில் பனி காய்ந்தபிறகு தொடங்கி, மத்தியானத்துக்கு முன் முடித்தால் மருந்து காய நேரம் கிடைக்கும். மழைக்குப் பிறகு அடிப்பது, தீப்பிடித்த வீட்டுக்குக் கதவு பூட்டுவது மாதிரி. இராகுகாலம் எங்கள் நேரத்துக்குள் விழுந்த நாட்களில் அண்ணை முதல் பானையை அதற்கு முன்னரே தொட்டு, தொடங்கிவிட்டதாகக் கணக்கு வைத்துக்கொள்வார். முருகனும் அதை ஏற்றுக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

முதல் மருந்து பிடித்தது. இரண்டாவதை அடித்த அன்றே, நான் எதிர்பார்த்ததற்கு இரண்டு மணித்தியாலம் முன்னதாக மழை வந்தது. செம்மண்ணில் நீல நீலக் கோடுகளாய் எங்கள் மருந்து வாய்க்காலுக்குப் போனதை நாங்கள் மூவரும் தாழ்வாரத்தில் நின்று பார்த்தோம்.

பக்கத்துக் காணி அக்காவின் தம்பியுடையது. அவர் புகையிலையை விடாதவர். பந்தல் எப்போது பிரியும் என்று காத்திருந்தவர். மறுநாள் வேலிப் பொட்டுக்கால், நாய் நுழைகிற ஓட்டை வழியாக, தலையை நீட்டி, மிச்சமிருந்த வெளிர்நீலத் திட்டுகளைப் பார்த்தார்.

"அத்தான், வெள்ளையடிக்கிறதெண்டால் சுவருக்கு அடியுங்கோவன். இலைக்கு என்னத்துக்கு?"

"சுவருக்கு அடிச்சாப் பழம் காய்க்குமோ மச்சான்?" என்றார் அண்ணை.

"உங்கடை இலையும் காய்க்கேல்லையே."

அவர் போனபிறகும் அந்தப் பேச்சு அண்ணையின் மண்டைக்குள் நின்றது. சுவருக்கு அடிக்கிற வெள்ளைக்கு வச்சிரப் பசை காய்ச்சி ஊற்றுவார்கள், அதனால்தான் மழைக்குக் கழுவுப்படாமல் நிற்கிறது. இதற்கும் ஏதாவது ஒட்டுகிற சாமான் வேண்டும் என்றார். அது நல்ல யோசனை. எனக்கு உடனே தகப்பனின் வள்ளம் நினைவுக்கு வந்தது. வருஷத்துக்கு இரண்டு முறை சுறா ஈரல் எண்ணெய் பூசுவோம். கடலுக்குள்ளேயே கிடந்தாலும் கழுவுப்படாத எண்ணெய். சுண்ணாம்போடு சேர்த்து அடித்தால் சவர்க்காரம் மாதிரிப் பாலாகும் என்பதும் தெரியும். வள்ளத்து மூட்டுவாய்க்கு அப்படித்தான் குழைத்து அப்புவோம்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். அங்கே என் அத்தான், தமக்கையின் புருஷன், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முந்திரிகைக் கொடியிலை பாய் கட்டிக் கடலுக்குப் போகப்போறியோ?" என்று கேட்டுவிட்டு, மூன்று போத்தல் தந்தார். வாழைச் சருகால் அடைத்த போத்தல்கள். வழியெல்லாம் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு நாய் வந்தது.

திரும்பி வந்து சேர்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கந்தசட்டி விரதம் தொடங்கி இரண்டாம் நாள். அக்கா ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும். காலையும் மாலையும் கோயிலில் கந்தபுராணப் படிப்பு. அண்ணையும் விரதம், ஒருநேரச் சாப்பாடு. வீட்டில் மீன் வாசனை மாதக்கணக்கில் இல்லாத இடம், அதுவும் சட்டி நாள். என் தாயும் சட்டி பிடிக்கிற மனிசிதான், எனக்கு இது தெரியாமல் இருந்திருக்கக் கூடாது. ஆனால் காற்று வாடைக்குத் திரும்பிவிட்டது. வடகிழக்கே கடல்பக்கம் கறுத்துக் கிடந்தது. இரண்டு நாளில் அடைமழை பிடிக்கும், சட்டி முடிந்தபின் அடிப்போம் என்றால் அடிக்க இலை இருக்காது.

இதையெல்லாம் அண்ணைக்குச் சொன்னேன். போத்தலின் வாயைத் திறந்து ஒருதரம் மணந்து பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார். வானத்தைப் பார்த்தார். கோயில் பக்கம் பார்த்தார்.

"வாய்க்குத்தானே தம்பி விரதம். இலைக்கு என்ன விரதம்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்காவுக்குச் சொல்லாதை" என்றார்.

மூன்றாம் நாள் காலை அக்கா கோயிலுக்குப் போனதும் கலந்தோம். மஞ்சள் வெற்றிலையை அன்று அண்ணையே பிடித்தார். எண்ணெய் பாலாய்க் கலந்து, இலையில் விழுந்ததும் ஒரு மெல்லிய தோலாய்ப் பரவிக் காய்ந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு அழகாய் ஒட்டிய மருந்தை நான் பார்த்ததில்லை. ஐந்து வரிசைக்கு எண்ணெய் வந்தது. ஆறாவது, கிணற்றோரத்து வரிசைக்கு வரவில்லை.

பத்து மணிக்கு வெயில் ஏறியது. வெயிலோடு மணமும் ஏறியது. காகம்தான் முதலில் வந்தது. பிறகு பூனைகள். எங்கள் தெரு ஒழுங்கையில் அவ்வளவு பூனைகள் இருக்கின்றன என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. பந்தல் தூணெல்லாம் உரசிக்கொண்டும், மேலே ஏறி இலையை நக்கிப் பார்த்துத் தும்மிக்கொண்டும் ஒரே கொண்டாட்டம். அண்ணை பதறிப்போய்ச் சாம்பிராணிச் சட்டியைக் கொண்டுவந்து பந்தலுக்குக் கீழே புகை போட்டார். இரண்டு மணமும் சேர்ந்து மூன்றாவதாய் ஒன்று வந்தது. அதற்குத் தமிழில் சொல் இல்லை. வேலிப் பொட்டுக்கால் அண்ணையின் மச்சான் தலையை நீட்டி, "அத்தான், கருவாடு காயப்போட்டிருக்கிறியளோ?" என்று கேட்டுவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்.

அப்போது படலை திறந்தது. அக்கா ஈரப் புடைவையும் விபூதியுமாய் உள்ளே வந்தார். பந்தலையும், சாம்பிராணிப் புகைக்குள் நின்ற புருஷனையும், பூனைகளையும் ஒவ்வொன்றாய்ப் பார்த்தார்.

"இஞ்சருங்கோ, உந்தப் பூனையள் என்ன, சட்டி பிடிக்க வந்ததுகளோ?"

"மருந்து கொஞ்சம் மணக்குது" என்றார் அண்ணை.

"மருந்துக்கு எப்பேயிருந்து செதில் முளைச்சது?"

நான் குறுக்கிட்டு, யோசனை என்னுடையது, எண்ணெய் என் வீட்டு எண்ணெய் என்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. அண்ணை தைரியத்தைத் திரட்டி, கோயில் மதிலுக்குப் பூசுகிற வெள்ளையிலும் வச்சிரம் போடுகிறார்கள், வச்சிரம் மாட்டுத் தோலில் காய்ச்சியதுதானே என்று ஒரு நியாயம் சொன்னார்.

"கோயில் மதிலை முருகன் சாப்பிடுறேல்லை" என்றார் அக்கா.

அதோடு வழக்கு முடிந்தது. தீர்ப்பையும் அவரே சொன்னார். எண்ணெய் பட்ட ஐந்து வரிசையில் ஒரு பழம்கூடக் கோயிலுக்குப் போகாது. ஆனால் நேர்த்திக்கடன் நேர்த்திக்கடன்தான். பூசத்துக்குக் குலை இல்லாவிட்டால் ஆறு வரிசையும் பிரியும். ஆக, ஐந்து வரிசையின் உயிரும் எண்ணெய் படாத அந்த ஆறாம் வரிசையின் கையில் வந்து நின்றது.

ஆறாம் வரிசைக்கு என்ன ஒட்டுவது? அதற்கும் அவரே வழி வைத்திருந்தார். சூரன்போர் அன்று கோயில் விளக்குக்கு எரிக்க வாங்கி வைத்த இலுப்பெண்ணெயில் பாதியைத் தந்தார். அதுவும் சுண்ணாம்பில் பாலானது, ஆனால் சுறா எண்ணெய்போலப் பரவவில்லை, அளவும் காணவில்லை. வரிசை முழுவதுக்கும் மெல்லிசாய் அடித்துவிட்டு, மெசினைக் கழுவி வைத்தேன். சூரன்போர் அன்று பின்னேரம் மழை பிடித்தது. சூரனுடைய தலை நனைந்து வர்ணம் வழிந்ததாக அக்கா சொன்னார். ஐந்து நாள் விடவில்லை. புகையிலைக் குடிலில் என் பாய் மிதக்காதது ஒன்றுதான் குறை.

ஆறாம் நாள் வானம் வெளித்தது. போய்ப் பார்த்தோம். எண்ணெய் வரிசைகளில் இலை கழுவித் துடைத்ததுபோல் நின்றது. ஆறாம் வரிசையில் பாதி இலைகளுக்கு அடியில் வெள்ளை பூத்திருந்தது. பிறகு அக்கா, விரதம் முடித்துப் பாறணைச் சாப்பாடும் சாப்பிட்ட மனிசி, தொண்டையைச் செருமிக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"தம்பி, உம்மடை சுறா இன்னும் கிடக்கோ?"

"கரையிலை கிடக்கு அக்கா."

"அஞ்சு வரிசைக்கும் திரும்ப அடியும். ஆறாவதிலை ஒரு துளி தெறிக்கக்கூடாது."

தெறிக்காமல் இருக்க அவரே இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒரு பழைய புடைவையை விரித்துக் கட்டினார். ஆறாம் வரிசையில் நோய் பிடித்த இலைகளை ஒவ்வொன்றாய்க் கிள்ளி எரித்தேன். மழை விடுகிற ஒவ்வொரு இடைவெளிக்கும் இலுப்பெண்ணெய் மருந்து. அக்கா வீட்டு விளக்குக்குத் தேங்காயெண்ணெய்க்கு மாறிவிட்டார். அந்தக் கார்த்திகை முழுவதும் வானத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது. இரண்டு தரம் காற்று என்னை ஏமாற்றியது, மூன்று தரம் நான் சொன்னபடி வந்தது. அண்ணை அதைப் பென்சிலால் குடில் கதவில் எழுதி வைத்தார்.

கார்த்திகைக் கடைசியில் பூத்தது. பூவில் மருந்து படக்கூடாது, பட்டால் பிஞ்சு பிடிக்காது. ஆனால் பூத்த நேரம் பார்த்து மழை. அண்ணைக்குக் கை நிற்கவில்லை, ஒரு நாள் நான் பார்க்காத நேரம் மெசினை முதுகில் ஏற்றிவிட்டார். பிடித்து இறக்கினேன். இறக்கும்போது அவர் என்னைத் திட்டிய வார்த்தைகளைக் கோயிலுக்குப் போகிற மனிதர் எங்கே கற்றார் என்று எனக்கு வியப்பு. பத்து நாள் எங்கள் மூன்று பேருக்கும் பூவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற வேலை. அதுதான் அந்த வருஷத்தின் மிகக் கடினமான வேலை.

மார்கழியில் மழை குறைந்து பனி வந்தது. ஐந்து வரிசையிலும் குலை குலையாய்த் தொங்கியது. பிஞ்சு மிளகளவு ஆனதும் எண்ணெயை நிறுத்தினேன், பட்டாணியளவு ஆனதும் துருசையும் நிறுத்தினேன். அதற்குமேல் அடித்தால் பழத்தில் நீலம் ஒட்டும். ஆறாம் வரிசையில் பூத்ததில் பெரும்பாலானது மழையோடு போயிருந்தது. கடைசியில் தேறி நின்றது ஒரேயொரு குலை, கிணற்றுப் பக்கத்து மூலையில்.

அந்தக் குலைக்கு நடந்த உபசாரம் எனக்கு நடந்ததில்லை. காகத்துக்குப் பயந்து பனையோலையில் ஒரு கூடு பின்னி மாட்டினோம். அணிலுக்குப் பயந்து தூணுக்கு நாயுண்ணி முள் கட்டினோம். மச்சான் தினமும் வேலியால் கையை நீட்டிக் கூட்டைத் தூக்கிப் பார்ப்பார். பூசத்துக்கு முதல் வாரம் அவர் சொன்னார்:

"அக்கா, முருகனுக்கு முகம் ஆறு. ஒரு குலையை வைச்சு ஆருக்கெண்டு குடுக்கப்போறாய்?"

"முகம் ஆறெண்டாலும் வயிறு ஒண்டுதான். நீ உன்ரை பொயிலையைப் பார்" என்றார் அக்கா.

பூசத்தன்று காலை குளித்து வந்து குலையை அவரே வெட்டினார். நாலைந்து பழம் இன்னும் பச்சை, மற்றதெல்லாம் கறுத்துவிட்டது. தோலில் மட்டும் பொட்டுப் பொட்டாய் வெளிர்நீலம். அக்காவின் முகம் சுருங்கியது. நான் துணியால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. அவர் குலையை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனார். பித்தளைக் குத்துவிளக்கு மினுக்க வைத்திருந்த புளியைத் தண்ணீரில் கரைத்து, குலையை அதில் ஒருதரம் முக்கி, நல்ல தண்ணீரில் அலசி எடுத்தார். நீலம் போன இடம் தெரியவில்லை. துருசைப் புளி எடுக்கும் என்பதை நான் மலைநாட்டில் ஒருவரிடமும் கேட்டதில்லை. அண்ணை காதிலிருந்த பென்சிலை எடுத்தார், எழுத ஒன்றும் கிடைக்காமல் திரும்பச் செருகினார்.

கோயிலில் இருந்து வந்ததும் ஆளுக்கு ஒரு பழம், விபூதியோடு வாழையிலைத் துண்டில். எனக்கும் ஒன்று. மச்சானுக்கும் ஒன்று. அவர் அதை வாய்க்குள் உருட்டி, கண்ணை மூடி, "புளிக்குது" என்றார். விதையைத் துப்பாமல் மடியில் முடிந்ததை நான் பார்த்தேன்.

மற்ற ஐந்து வரிசையும் அடுத்த கிழமை பெட்டி பெட்டியாய் ரயிலேறியது. அந்தப் பழத்தில் மீன் மணக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. பந்தலைப் பிரிக்கிற கதையும் பிறகு அந்த வீட்டில் எழும்பவில்லை. எனக்குத் தேத்தண்ணி அதே பேணியில்தான் வந்தது. ஆனால் அன்றுமுதல் பால் விட்டு வந்தது. மாசியில் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிட்டது. மன்னார்ப்பக்கம் யாரோ கிணறு வெட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, போவதாகச் சொல்லிக்கொண்டேன். அண்ணை கொஞ்சம் கோபப்பட்டு, பிறகு ஒரு சாரம் வாங்கித் தந்தார்.

நான் புறப்பட்ட காலை மச்சான் வேலிப் பொட்டுக்கால் முழு ஆளாய் நுழைந்து வந்தார். என்னைத் தனியே கூப்பிட்டு, கரையில் அந்த எண்ணெய் எந்த வீட்டில் எடுக்கலாம் என்று விசாரித்தார். என் அத்தானின் வீட்டு வழியைச் சொல்லிக் கொடுத்தேன். பிறகு அவர் தமக்கையிடம் போய், நடுவதற்கு நாலு முந்திரிகைத் தடி வேண்டும் என்று, ஏதோ கறிவேப்பிலை கேட்பதுபோலக் கேட்டார். அக்கா அரிசி புடைத்து முடிக்கும்வரை அவரை நிற்கவைத்தார்.

"தடி தாறன்" என்றார் கடைசியில். "ஆனா கொப்பு வெட்டுறதைச் சட்டி முடிஞ்ச பிறகு வைச்சுக்கொள். என்ரை விரதத்துக்கை இனி ஒரு பூனையும் வரக்கூடாது."